ஐந்து முக விளக்கும் பதினொரு பங்காளரும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தும்முவதாக இருந்தாலும் இரண்டு அமைப்புகளோடு இணைந்துதான் தும்மும். விஞ்ஞானிகள் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தேவையும் இல்லை, விசிட்டிங் கார்டில் அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்: இணைப்பாளர். கொட்டாஞ்சேனையிலும் கிருலப்பனையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படும் இந்த இனம், வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில்தான் செழித்து வளர்கிறது. காரணம் கடற்காற்றாக இருக்கலாம். மண்டபங்கள் கிட்ட இருப்பதாகவும் இருக்கலாம்.

அடையாளம் காண்பது சுலபம். ஒழுங்கை முனையில் விளக்கு எரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள். சாதாரண மனிதர் "ஓம், இருட்டாத்தான் கிடக்கு" என்பார். இணைப்பாளரோ உங்கள் தோளில் கையை வைத்து, கண்களை அரைவாசி மூடி, இரண்டே சொற்கள் சொல்வார்: "சேர்ந்து செய்வம்." அன்று மாலைக்குள் நீங்கள் 'ஒளி' என்ற வட்ஸ்அப் குழுவுக்குள் இருப்பீர்கள். கூடவே முப்பத்திரண்டு பேர் இருப்பார்கள். விளக்கு மட்டும் எரியாது.

இந்த இனத்தின் குறைவில்லாத மாதிரி வேண்டுமென்றால் கனகசபாபதியைத்தான் பார்க்க வேண்டும். அரச திணைக்களம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் காகிதக் கோவைகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர், மூன்றாம் மாடி ஃப்ளட்டில் மனைவி பாலேஸ்வரியோடு இருப்பவர், நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் இருக்கும் நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு சக்கரக் கதிரை அனுப்பியிருந்தார். ஃப்ளட்டுகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருக்கிற சனத்துக்கு உதவட்டும் என்று எழுதியிருந்தார். நீங்களும் நானும் என்றால் என்ன செய்திருப்போம்? கீழே காவலாளியின் அறையில் வைத்துவிட்டு, வேண்டியவர்கள் எடுங்கோ, முடிந்ததும் கொண்டுவந்து வையுங்கோ என்றிருப்போம். அதனால்தான் நமக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. கனகசபாபதி 'தலைநகர் நடமாட்ட உதவி வலையமைப்பு' என்று ஒன்றைத் தொடங்கினார்.

வலையமைப்பு என்றால் பங்காளர் வேண்டும். பங்காளரை எப்படித் தெரிவு செய்வது? ஒரு டொக்டர், ஒரு வான் வைத்திருப்பவர், தூக்கிவிடக் கையில் பலமுள்ள இரண்டு பேர் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். பாவம் நீங்கள்.

கனகசபாபதி வீட்டு அலுமாரியின் மேல் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது. அதற்கு ஐந்து முகம். ஆகவே பங்காளர் ஐந்து பேர். தொடக்க விழாவில் ஆளுக்கொரு திரி ஏற்ற வேண்டும் அல்லவா? திரி கிடைக்காத பங்காளர் வாழ்நாள் பகைவர், பங்காளர் கிடைக்காத திரி அபசகுனம். இதுதான் அவருடைய கொள்கை. இதற்கு மேல் தகைமை இரண்டே இரண்டு. சொந்தமாக லெட்டர்ஹெட் இருக்க வேண்டும். முத்திரை வட்டமாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது பங்காளரில்தான் சிக்கல் வந்தது. அது ஓர் ஊர்ச் சங்கத்தின் கொழும்புக் கிளை. சுற்றுலா பஸ்ஸில் முன் ஆசனம் யாருக்கு என்ற கொள்கைப் பிரச்சினையில் அந்தக் கிளை இரண்டாக உடைந்திருந்தது. இரண்டு பாதிக்கும் ஒரே பெயர், ஒரே முத்திரை, ஆளுக்கொரு செயலாளர். ஒன்றைக் கூப்பிட்டால் மற்றது கோபிக்கும் என்று இரண்டையும் கூப்பிட்டார். ஆறு பேராகிவிட்டது. இன்னொரு விளக்கு வேண்டுமே? கிருலப்பனையில் நடன வகுப்பு நடத்தும் ஜெயராணி ரீச்சரிடம் ஒன்று இருந்தது. விளக்கைக் கேட்டுவிட்டு ஆளை விட முடியுமா? ஏழு. இப்போது பத்துத் திரிக்கு ஏழு பேர், மூன்று திரி வீணாகலாமா? ஓடித் தேடிப் பத்தாக்கினார். ஆக்கி முடித்து அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்போதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவரும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. அங்கே முதியோர் மன்றம் ஒன்றை நடத்தும் ஒஸ்வால்டைச் சேர்த்தார். திரி தீர்ந்துவிட்டதால் மற்றவர்களுக்கு மெழுகுதிரியை ஏந்திக் கொடுக்கும் 'விசேட பங்காளர்' ஆனார் ஒஸ்வால்ட். அவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து இளைப்பாறியவர். நோயாளியைக் கதிரையில் எப்படி ஏற்றுவது என்று அந்தப் பதினொரு பேரில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அந்த நாட்களில் இன்னொருவரும் வந்திருந்தார். காலி வீதியில் வாளி, குழாய், ஆணி விற்கும் கடை வைத்திருக்கும் ஜாபிர். வீடு கொம்பனித்தெருவில்.

"சேர், எங்கட உம்மாட வீல் செயார் ஒண்டு கடைக்குப் பொறத்தால சும்மா ஈக்குது. உம்மா மௌத்தாகி ரெண்டு வருஷம். யாருக்கும் தேவப்பட்டா செல்லுங்க."

"நல்லது, நல்லது. உங்கட அமைப்பின்ர பேர்?"

"அமைப்பு ஒண்டும் இல்ல சேர். நான்தான்."

"லெட்டர்ஹெட்?"

ஜாபிர் கொஞ்சம் யோசித்தார். "பில் புக் ஈக்குது."

கனகசபாபதி மனம் நோகாமல் சிரித்து, தனிநபர்களை உள்வாங்குவது பற்றி இரண்டாம் கட்டத்தில் பரிசீலிப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

பங்காளர் சேர்ந்தாயிற்று. பொறுப்பைப் பகிர வேண்டாமா? கதிரையின் முதுகில் பதினொரு பெயரும் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. யாராவது சாய்ந்தால் பெயர் உரியும் என்று பொலித்தீன் உறை கழற்றப்படவில்லை. ஒருவரிடமே எல்லாம் இருந்தால் மற்றவர் மனம் கோணும் என்பதால் கதிரை கிருலப்பனையில் ஜெயராணி ரீச்சரின் பின்னறையில், கால் வைக்கும் தட்டுகள் இரண்டும் கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டிடம், பின்னறையின் பூட்டுக்கு இரண்டு திறப்புகள், ஊர்ச் சங்கத்தின் பாதிக்கொன்று. பூட்டும் இரண்டு. கதிரை வேண்டுமென்றால் மூன்று பங்காளரின் சிபாரிசு முத்திரையோடு விண்ணப்பிக்க வேண்டும். இந்த விதியை இரண்டு பக்கத்தில் எழுதியவர் கனகசபாபதி. எழுதி முடித்த அன்று பாலேஸ்வரியிடம் ஒரு கோப்பி கேட்டு வாங்கிக் குடித்தார், அவ்வளவு சந்தோஷம்.

பங்காளர் தமக்குள் எப்படிப் பழகினார்கள் என்கிறீர்களா? மிக அன்பாக. வட்ஸ்அப் குழுவில் காலையில் பூங்கொத்துப் படம், பகலில் பிறந்தநாள் வாழ்த்து, இடையில் யாராவது ஒரு முதியவருக்குக் கதிரை வேண்டுமென்று கேட்டு வந்தால் பதினொரு கட்டைவிரல். கட்டைவிரல் என்றால் சம்மதம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். கொண்டுபோய்க் கொடுப்பது மற்றவர் என்றும் நினைத்தார்கள். ஊர்ச் சங்கத்தின் ஒரு பாதி இல்லாமல் ஒரு குழு, மற்றப் பாதி இல்லாமல் இன்னொரு குழு, இரண்டு பாதியும் இல்லாமல் அவர்களைப் பற்றிக் கதைக்க மூன்றாவது குழு. கேட்ட முதியவர்கள் இதற்கிடையில் குணமாகிவிட்டார்கள், அல்லது பழகிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கதிரையில் ஏறியது ஒரேயொரு ஒலிபெருக்கிப் பெட்டி.

சனிக்கிழமை நான்கு மணிக்கு இரண்டாவது ஆண்டு விழா. வியாழக்கிழமை காலை, விளக்கைத் துலக்கி வைப்போம் என்று கனகசபாபதி ஸ்டூலில் ஏறி அலுமாரி மேல் கையை நீட்டினார். விளக்கு வந்தது. கூடவே அவரும் வந்தார்.

கணுக்கால் எலும்பில் வெடிப்பு. முழங்கால் வரை பிளாஸ்டர். மூன்று கிழமைக்குக் கால் நிலத்தில் படக் கூடாது என்றார் டொக்டர்.

"சனிக்கிழமை நான்தான் அறிக்கை வாசிக்க வேணும்" என்றார் கனகசபாபதி. டொக்டர் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஆனால் கனகசபாபதிக்கு அது சிரிப்பான விடயமே அல்ல. திணைக்களத்தை விட்டு வந்த பிறகு அவரை நாலு பேர் எழுந்து நின்று வரவேற்கும் இடம் அது ஒன்றுதான். அந்த மேடைக்கு அவர் போகாவிட்டால் அடுத்த வருடம் அவருடைய கதிரையில் யார் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு பாதியும் தயாராக இருந்தன.

"இஞ்சேருங்கோ, உங்கட நெட்வேர்க்கிட்டக் கேளுங்கோவன். ஒரு கதிரை வைச்சிருக்கிறியள்தானே" என்றார் பாலேஸ்வரி.

கனகசபாபதி விதிப்படியே விண்ணப்பம் எழுதிக் குழுவில் போட்டார். ஐந்து நிமிடத்தில் பதினொரு கட்டைவிரல், ஏழு கும்பிட்ட கை, நான்கு பூங்கொத்து. பிறகு ஒரு பாதியின் செயலாளர் எழுதினார், மற்றப் பாதி முத்திரை குத்தினால் தாங்களும் குத்துவோம் என்று. மற்றப் பாதியும் அதையே எழுதியது. இணைப்பாளரே விண்ணப்பித்தால் அவரே பரிசீலிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். கனகசபாபதிக்குக் கால் வலித்தது. ஆனாலும், தான் எழுதிய விதியைப் பங்காளர் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறார்களே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பாலேஸ்வரி, குளியலறையில் அவரை இருத்தப் பிளாஸ்ரிக் ஸ்டூல் ஒன்று வாங்க ஜாபிரின் கடைக்குப் போனார். ஆருக்கு, என்னத்துக்கு என்று ஜாபிர் கேட்டார். இருபது நிமிடத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் உம்மாவின் சக்கரக் கதிரை. கைபிடி கொஞ்சம் கீறியிருந்தது, டயருக்குக் காற்று அடித்திருந்தது.

"விண்ணப்பம் ஏதும்..." என்று தொடங்கினார் கனகசபாபதி, பழக்க தோஷத்தில்.

"என்ன சேர், கால் தெரியுதே" என்றார் ஜாபிர்.

சனிக்கிழமை அவர் மண்டபத்துக்குள் உருண்டு வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். பங்காளர் ஓடிவந்து சூழ்ந்தார்கள். எந்தப் பங்காளர் அனுப்பியது என்று யாருக்கும் தெரியாததால் எல்லாரும் அதைத் தாங்களே அனுப்பியதாக உணர்ந்தார்கள். "நாங்கள் நேற்றே ஓம் எண்டிட்டம்" என்றது ஒரு பாதி. "நாங்கள் அதுக்கு முதலே" என்றது மறுபாதி. ஜெயராணி ரீச்சர் மட்டும் கதிரையின் முதுகைப் பார்த்து, ஸ்டிக்கர் எங்கே என்று யோசித்தார். ஒஸ்வால்ட் பத்திரிகையில் சுற்றிய பொட்டலம் ஒன்றோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"சேர், எங்கட பங்கு" என்று பிரித்தார். கால் வைக்கும் தட்டு இரண்டு.

பத்துத் திரியும் எரிந்தன. அறிக்கை கையில் வந்தது. நாலாம் பக்கத்தில் 'பயன்பெற்றோர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஒன்று என்று வாசித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கதிரையில் இருப்பவரே சாட்சி. வாயெடுத்தார். கடைசி வரிசையில் ஜாபிர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது தெரிந்தது. காது சுட்டது. வெட்கமாகிவிட்டது.

"இது எங்கட கதிரை இல்லை" என்றார். "இது ஜாபிரின்ர தாயாரின்ர கதிரை. எங்கட கதிரையில இண்டுவரைக்கும் ஒருத்தரும் இருக்கேல்லை."

பாலேஸ்வரி கணவரைப் பெருமையாகப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இனக்குணம் என்று ஒன்று இருக்கிறதே!

"ஆகவே, ஜாபிர் அவர்களை எங்கட பன்னிரண்டாவது பங்காளரா அறிவிக்கிறன்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஒரு பாதியின் செயலாளர் எழுந்தார். "அப்ப இந்தக் கதிரையும் வலையமைப்பின்ர சொத்து எண்டு பிரேரிக்கிறன்." மறுபாதியின் செயலாளர் எழுந்தார். "வழிமொழியிறன்." பஸ் ஆசனத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். அதை எப்படி மறுப்பது? கனகசபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒஸ்வால்ட் மட்டும் முறையாகக் கை கொடுக்க, கனகசபாபதியைத் தூக்கிப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றில் இருத்தினார்கள். ஜாபிர் என்ன ஏது என்று விளங்க முன்னம், பத்துப் பேர் பிடித்து, படமெடுத்து, கதிரை கையேற்கப்பட்டது. அரை மணித்தியாலத்தில் அது கிருலப்பனைக்கு வானேறியது. விதிப்படி கழற்றிய தட்டுகள் ஒஸ்வால்டின் பைக்குள் போயின. இப்போது அங்கே நான்கு தட்டு.

மண்டபம் காலியானது. மேடையில் பிளாஸ்டர் காலை இன்னொரு கதிரையில் நீட்டியபடி கனகசபாபதி, பக்கத்தில் பாலேஸ்வரி. "இனி எப்படியப்பா வீட்டை போறது?" என்று கேட்டுவிட்டு பாலேஸ்வரி சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல் அவரும் சிரித்தார்.

ஒருபக்கம் ஜாபிரும் மறுபக்கம் ஒஸ்வால்டும் தோள் கொடுத்து அவரை முச்சக்கர வண்டிவரை சுமந்துபோனார்கள். ஏற்றிவிட்டு ஜாபிர் உள்ளே குனிந்தார்.

"சேர், உம்மாட ஊண்டுகோல் ரெண்டு கடையில ஈக்குது. இப்பவே கொணந்து தாறன். க்ரூப்ல மட்டும் போட்டுராதீங்க."

கனகசபாபதியின் முகம் மலர்ந்தது. கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போனது. பாலேஸ்வரி அதற்கு முன்பே தொலைபேசியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்னட்ட ஒரு ஏணி சும்மா கிடக்கு, தேவையெண்டால் எடுங்கோ" என்று சொல்லும்போது உங்கள் வாயில் முதலில் என்ன வருகிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். "நன்றி" என்றால் பயமில்லை. "நல்ல யோசனை, இன்னும் நாலு பேரைச் சேர்ப்பம்" என்று வந்தால், தயவுசெய்து ஸ்டூலில் ஏறும்போது மட்டும் பார்த்து ஏறுங்கள்.