தோணி முடியக் கூடாது

வாய்ச்சியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் ரான்டன் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யாராச்சும் வாய்ச்சியப் பாத்தீங்களா?" என்று கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார் ஆல்மன். மஜூரோ தீவில் வேலையில்லாமல் திரிந்த இளைஞர்களைச் சேர்த்து, சீமைப்பலா மரத்தில் பாய்த்தோணி கட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். மரம் செதுக்க அங்கே உருப்படியாக இருந்தது அந்த ஒரு வாய்ச்சிதான்.

"இல்லண்ணே," என்றான் ரான்டன். கூரான பக்கம் அவனைக் குத்தியது. அசையவில்லை.

தோணி முடியக் கூடாது என்பதுதான் அவன் கவலை. முடிந்தால், அவனோடு தோணி கட்டக் கற்றுக்கொள்ளும் லிமியோ ஊரைவிட்டுப் போய்விடுவாள். அவள் அக்கா கடல் கடந்து ஆர்கன்சாவில் கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்க்கிறாள். வா வா என்று இவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "நீ போறியா?" என்று கேட்டான்.

"முதல்ல இந்தத் தோணி முடியட்டும். அப்புறம் சொல்றேன்," என்றாள் லிமியோ.

அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

மறுநாள் ஆல்மன் இரண்டு புது வாய்ச்சிகளோடு வந்தார். இரண்டும் பழையதைவிடக் கூர்மை. அந்த வாரம் வேலை பறந்தது.

ரான்டன் யோசித்து, தன் சித்தப்பா மகன் ஜெல்டனை அழைத்து வந்தான். அவர்கள் குடியிருந்த ரீட்டா பகுதியில் அவனை விட்டால் சோம்பேறி கிடையாது. எங்கே போனாலும் கதையடித்து, வேலை செய்கிறவர்களையும் கெடுத்துவிட்டு வருவான். அந்த நம்பிக்கையில்தான் அழைத்து வந்தான்.

ஜெல்டன் கதையடித்தான். அவன் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே எல்லோரும் நேரம் போவது தெரியாமல் இழைத்துத் தள்ளினார்கள். மூன்றாம் நாள் அவனே உளியை எடுத்துவிட்டான். அதுவும் லிமியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

"டேய், நீ வேலை செய்யவா வந்த?" என்று காதைக் கடித்தான் ரான்டன்.

"நல்லாருக்குடா இது. இத்தனை நாளா ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

கடைசியில் ரான்டன் அளவுக் கயிற்றில் கை வைத்தான். தோணியையும் பக்கத்தில் மிதக்கும் கட்டையையும் இணைக்கும் வளைந்த சட்டத்துக்கு அந்தக் கயிற்றின் முடிச்சுதான் அளவு. யாரும் பார்க்காதபோது முடிச்சை ஒரு கையகலம் தள்ளிப் போட்டான்.

சட்டத்தை அறுத்தவர் ஆல்மன். பொருத்திப் பார்த்தார். எட்டவில்லை. இன்னொரு முறை பொருத்திப் பார்த்தார்.

"என் கண்ணுதான் சரியில்ல போலிருக்கு," என்றார் மெதுவாக.

ரான்டன் வாயைத் திறந்தான். பக்கத்தில் லிமியோ நின்றாள். மூடிக்கொண்டான்.

அந்த வளைவுள்ள மரம் இனி அய்லுக் தீவிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. ஆல்மன் போய்க் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார். அதைப் போட்ட பிறகு உளியை வைத்த இடம் தெரியாமல் தடவத் தொடங்கினார். மற்றவர்கள் சிரித்தார்கள். ரான்டனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் அந்த வாரங்கள் நன்றாக இருந்தன. வேலை இல்லாததால், ஏற்கெனவே தேய்த்த தோணியையே அவனும் லிமியோவும் எதிரெதிரே உட்கார்ந்து மறுபடி தேய்த்தார்கள். அவள் மட்டும் அடிக்கடி கையை நிறுத்திக் கடலைப் பார்த்தாள்.

"கப்பல் எப்ப வரும்?"

"வரும்போது வரும். என்ன அவசரம்?"

"உனக்கு அவசரமே இல்லையா?"

"எனக்கென்ன அவசரம்," என்றான் ரான்டன், எவ்வளவு நாளானாலும் காத்திருப்பேன் என்ற பொருளில்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து தேய்க்கத் தொடங்கினாள்.

மாதக் கடைசியில் ஒருநாள் அவள் வரவில்லை. மத்தியானச் சோறு பொங்கும் நெய்ஜோன் அக்காவும் இல்லை. "ரெண்டு பேரும் ஏர்போர்ட் போயிருக்காங்க," என்றான் ஜெல்டன். "உனக்குத் தெரியாதா?"

வழியில் ஏழெட்டுப் பேரை ஏற்றி இறக்கிய டாக்ஸியில் ரான்டன் போய்ச் சேர்ந்தபோது, தலையில் வழியனுப்பப் போட்ட பூவளையமும் கழுத்து நிறையச் சிப்பி மாலையுமாக லிமியோ வரிசையில் நின்றாள்.

"தோணி இன்னும் முடியலையே," என்றான் மூச்சிரைக்க.

"ஆமா. முடியல."

வரிசை நகர்ந்தது.

"நீ தேய்ச்ச பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு ரான்டன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

திரும்பும் டாக்ஸியில் நெய்ஜோன் அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

"தோணி முடிஞ்சாத்தானே போறதா இருந்தா?" என்றான் ரான்டன்.

"எவன்டா சொன்னது? இந்த மாசத்துக்குள்ள தோணி தண்ணியில இறங்கினா, அடுத்த வகுப்புல சொல்லிக்குடுக்குற வேலை அவளுக்குத்தான்னு ஆல்மன் வாக்குக் குடுத்திருந்தாரு. உன்கூட இங்கயே இருந்துடலாம்னு அவளே போய்க் கேட்ட வேலைடா அது."