பாதிப் பாலம் எந்த வகை?

உலகத்து அறிவையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் உயரிய நோக்கத்தோடு இணையத்தில் ஓர் அறிவுக் களஞ்சியம் இயங்கிவருகிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். சம்பளம் கிடையாது, அதனால்தான் வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளராக இருந்த ஒரு பெண்ணும், பல்வலிக்காரர்கள் வராத நேரத்தில் அதில் எழுத ஆரம்பித்தாள்.

முதலில் எழுதியது தன் ஊர் ஆற்றுப் பாலத்தைப் பற்றி. பாதி ஆறுவரை வந்து, மேலே போகலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டு நிற்கிற பாலம் அது. அவள் படகில்தான் வேலைக்குப் போய்வந்தாள். மழைக்காலத்தில் படகும் கிடையாது, அந்த நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது.

'வகை' என்ற கட்டத்தில் 'பாலம்' என்று போட்டாள். கொஞ்ச நேரத்தில், 'ஆந்தை' என்ற புனைபெயரில் உலவும் மூத்த பங்களிப்பாளர் அதை அழித்துவிட்டு, உரையாடல் பக்கத்துக்கு வந்தார்.

"பாலம்னா என்னம்மா?"

"ரெண்டு கரையையும் சேர்க்கிறதுங்க."

"உங்களது சேர்க்குதா?"

"இல்லைங்க."

"அப்போ அது பாலம் இல்லை. இதுதான் பாலபாடம்."

அவள் அடக்கத்தோடு 'இடிபாடு' என்று மாற்றினாள். மறுநாள் அந்தப் பாலத்துக்குப் பொறுப்பான அரசுப் பொறியாளர், எழுதியது யாரென்று விசாரித்து ஆஸ்பத்திரிக்கே போன் போட்டார்.

"யாரும்மா இடிபாடுன்னு போட்டது? கட்டி முடிச்சாத்தானே இடியும்?"

இதிலும் நியாயம் இருந்தது. 'நினைவுச்சின்னம்' என்று போட்டுப் பார்த்தாள்.

"யார் நினைவா?" என்றார் ஆந்தை.

"கான்ட்ராக்டர் நினைவான்னு வச்சுக்கலாமா?"

"அவர் இறந்துட்டாரா?"

"இல்லைங்க, ரொம்ப நல்லா இருக்கார்."

அதுவும் போயிற்று. ராத்திரி சாப்பிடும்போது கணவனிடம் புலம்பினாள். அவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான்.

"எதுக்குன்னே தெரியாம பெரிசா நின்னா அது கலைதான். அப்படியே போட்டுத் தொலை" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

எரிச்சலில் 'கலைப்படைப்பு' என்று போட்டாள். "சபாஷ்! இப்பத்தான் வகைப்படுத்தக் கத்துக்கிட்டீங்க" என்று ஆந்தை பாராட்டி, கூடவே 'திறந்தவெளிச் சிற்பம்' என்ற உட்பிரிவையும் சேர்த்துவிட்டார்.

பொறியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிற்பத்துக்கு அக்கரை தேவையில்லை. 'பணி இனிதே நிறைவுற்றது' என்று எழுதிக் கோப்பை மூடினார். களஞ்சியத்தில் படித்தவர்கள் காமிராவோடு வந்து இறங்கினார்கள். பாலம் அறுந்து நிற்கும் விளிம்பில் ஒற்றைக் காலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளாதவர் மனிதரே இல்லை என்றாயிற்று. கணவன் கடையையே பாலத்துக்கு மாற்றிக்கொண்டு, செல்ஃபிக் குச்சி விற்றான். மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே டீயும் சுண்டலும் விற்றார்கள்.

மழை வந்தது. படகு நின்றது. சம்பளம் பிடித்தார்கள். அவள் நேராகப் பொறியாளரின் மேலதிகாரியிடம் போய், "ஐயா, அது பாலம்தாங்க" என்று மனு கொடுத்தாள். அந்த மேலதிகாரி வேலைக்குப் புதிது. மனுவைப் படித்தே விட்டார். பாலத்தை உடனே கட்டி முடிக்க உத்தரவு போட்டார்.

இயந்திரங்கள் வந்தபோது ஊரே பாலத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. "கலையைச் சிதைக்காதே!" என்று ஒரே கூச்சல். முன்வரிசையில் அவள் கணவன்.

"பொண்டாட்டி மனு குடுத்துக் கொண்டுவந்த வேலை. நீங்களே மறிச்சு உக்காந்திருக்கீங்களே?" என்று அவனிடம் கத்தினாள்.

"தூறல்ல நின்னு கத்தாதே. குடைக்குள்ள உக்காந்து பேசு."

உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துப் பொறியாளர் வந்தார்.

"மனு குடுத்த அம்மாவே போராட்டத்துல உக்காந்துட்டாங்க. எழுதிக்கய்யா" என்றார் குமாஸ்தாவிடம்.

"இவங்களை மனுதாரர்னு போடவா, போராட்டக்காரர்னு போடவா சார்?"

"உக்காந்தா போராட்டக்காரர்."

இயந்திரங்கள் திரும்ப ஆரம்பித்தன. அவள் பதறி எழுந்து, "பாலம் வேணும்! பாலம் வேணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஊரே பல வருஷமாகக் கத்திப் பழகிய கோஷம். கூட்டமும் கையை உயர்த்தி, "வேணும்! வேணும்!" என்று கூடவே முழங்கியது. இடத்தைவிட்டு ஒருத்தரும் அசையவில்லை.