ஒன்றாம் வகுப்பில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் குட்டியும் சுகம். என் முதுகு மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வரும். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும், அத்தானுடைய முழங்காலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீ போனில், "பிள்ளை பள்ளிக்கூடத்துல வாயே திறக்கறதில்லையாமே, மந்தமோ என்னவோ, யார்கிட்டயாவது காட்டுடா" என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் அப்போது என்னிடம் பதில் இல்லை. வீட்டில் குட்டி வாய் ஓயாதவள் என்பது உனக்கே தெரியும், அவள் பேச ஆரம்பித்தால் ஃபிரிட்ஜ்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் வீடு மாறி இந்தப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து அங்கே ஒரு சொல் பேசவில்லை. தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை நான் வகுப்புக்கு வருவேன். அதுக்குள்ள ஒரு வாக்கியமாவது பேசினா சரி. இல்லேன்னா கீழ் வகுப்புல ஒரு வருஷம் உட்காரட்டும், ஒண்ணும் குடிமுழுகிப் போகாது" என்றார். எங்களுக்குக் குடிமுழுகித்தான் போனது. குட்டி கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி: "கீழ் வகுப்புல ஓட்டைப்பல் இருக்க மாட்டாளாப்பா?" ஓட்டைப்பல் என்பது அவள் பக்கத்து இருக்கைக்காரி, முன்பல் இரண்டும் விழுந்தவள், உலகத்திலேயே நம் குட்டிக்கு மிகவும் பிடித்த ஆள். கேட்டுக்கொண்டே வந்தவள் தெருமுனையில் அழுதுவிட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைக்குத் துணையாக ஒரு வாரம் வகுப்பில் வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன், சரி என்றார்கள். லீவு கேட்டபோது எங்கள் சூப்பர்வைசர், "இப்பவாவது படிச்சு முன்னுக்கு வாய்யா" என்று வாழ்த்தி அனுப்பினார்.

அக்கா, நானும் ஒருகாலத்தில் ஒன்றாம் வகுப்பில் இருந்தவன்தானே, அங்கே பெரிதாக என்ன நடந்துவிடப் போகிறது என்ற மிதப்பில்தான் போனேன். திங்கட்கிழமை முதல் பாடத்திலேயே மிதப்பு இறங்கிவிட்டது. டீச்சர் ஒரு கூடை நிறையக் குச்சிகளைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார். பிள்ளைகள் எண்ணினார்கள், விட்டார்கள், மறுபடி எண்ணினார்கள், ஒருத்தனுக்கும் ஒருத்திக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, ஒரே கூச்சல். அப்போது டீச்சர் ஒன்றுமே சொல்லாமல் பத்துக் குச்சியை எடுத்து ஒரு ரப்பர் பேண்டு போட்டார். அவ்வளவுதான். வகுப்பே அமைதியானது. பத்து தனித்தனிக் குச்சி இருந்த இடத்தில் ஒரே ஒரு பொருள் இருந்தது! இத்தனை வருஷமாக லிஃப்டில் பத்தாவது மாடிப் பட்டனைக் கழற்றி மாட்டுகிறவன் நான், பத்து என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துப்போனது. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். பிள்ளைகளும் ஆளுக்கொரு பிடி அள்ளிப் பத்துப் பத்தாகக் கட்டினார்கள். டீச்சர் குட்டியிடம் வந்து, "உனக்கு எத்தனை கட்டு வந்துச்சும்மா?" என்று கேட்டார். பிள்ளை பாவம், முழித்தாள். நான் விட்டுவிடுவேனா, "ரெண்டு கட்டு, உதிரி மூணு!" என்று எழுந்து நின்று சொன்னேன். நான் எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. அது ஆறு வயதுக்கான நாற்காலி. அதிலிருந்து என்னைப் பிடுங்கி எடுக்க டீச்சரும் ஆயாவும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. என் முதுகின் கதை இதுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள், நானும் பாடத்தில் மூழ்கிவிட்டேன். மழை எங்கிருந்து வருகிறது என்று டீச்சர் குட்டியைக் கேட்டார், நான் சொன்னேன். இலை ஏன் பச்சை என்று கேட்டார், எனக்கும் தெரியாது, ஆனாலும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். டீச்சர் தங்கமான மனுஷி, "அப்பா, கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னார். அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது. பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமலே, "ரப்பரைத் துப்பு" என்கிறார், பின்னால் ஒருவன் துப்புகிறான். எங்கள் கம்பெனியில் இதற்குக் கேமரா வைத்திருக்கிறார்கள், அதுகூட இந்த அளவுக்கு வேலை செய்வதில்லை.

இதையெல்லாம் விடு. புதன்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன் கேள். ஓட்டைப்பல் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். ம... ர... ம்... என்று மூன்றையும் தனித்தனியாக இழுத்தாள். மறுபடி இழுத்தாள். திடீரென்று மூன்றும் ஒட்டிக்கொண்டு, "மரம்!" என்று கத்தினாள். கத்திவிட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே மரம் நின்றுகொண்டிருந்தது. காகிதத்திலிருந்த அதுவும் வெளியே இருந்த இதுவும் ஒன்று என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்த நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன் அக்கா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாமும் ஒருநாள் இப்படித்தான் கண்டுபிடித்திருப்போம், எந்த நாள் என்றே தெரியாமல் தொலைத்துவிட்டோமே என்று இருந்தது. டீச்சர் என் பக்கம் ஒரு டிஷ்யூ பெட்டியைத் தள்ளினார், அது மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கென்று வைத்திருப்பது.

இனி விதை விஷயத்துக்கு வருகிறேன், என் மானம் போனது அங்கேதான். திங்கட்கிழமையே ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் ஈரப் பஞ்சு வைத்து, ஒரு பயறு போட்டு, ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை முன்னால் ஒவ்வொருவரும் தன் டம்ளரைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை பார்த்தால் எல்லார் பயறும் வெள்ளை வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது, நம் குட்டியுடையது மட்டும் உப்பிப்போய் சும்மா கிடக்கிறது. முளைத்த பயறு இருந்தாலே பேச மாட்டேன் என்கிறவள், முளைக்காத பயறை வைத்துக்கொண்டு என்ன பேசுவாள்? பேசாவிட்டால் கீழ் வகுப்பு. என் தொழில் உனக்குத் தெரியுமே, ஓடாத பாகத்தைக் கழற்று, ஓடுகிற பாகத்தைப் போடு, லிஃப்டை மேலே அனுப்பு. டீச்சர் அலமாரியில் ஒரு உபரி டம்ளர் இருந்தது, அதிலிருந்த பயறு ஜோராக முளைத்திருந்தது. பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரம் பார்த்து இதை அதிலும் அதை இதிலும் மாற்றிவிட்டேன். பாகம் மாற்றி முடித்தவன்போல் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வந்து உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எழுந்து, "என் விதை முளைச்சிருக்கு", "என் விதை உசரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஓட்டைப்பல், "என் விதை ஸூப்பர்" என்று சொன்னதில் முன் வரிசைக்கெல்லாம் எச்சில் தெறித்தது. குட்டியின் முறை வந்தது. டம்ளரைக் கையில் எடுத்தாள். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலைமையாசிரியை, "என்னம்மா, உன் விதைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் நானே சொல்லியிருப்பேன், அன்றைக்கு என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"இது என்னோடது இல்ல" என்றாள் குட்டி.

கணீரென்று சொன்னாள் அக்கா! அதோடு நிறுத்தவில்லை. "என்னோடது குண்டா இருக்கும். ஒரு பக்கம் தோல் கிழிஞ்சிருக்கும். நேத்து அந்தக் கிழிசல் வழியா வெள்ளையா ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. அது மெதுவாத்தான் வரும். யாரோ மாத்திட்டாங்க" என்றாள். ஓட்டைப்பல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். டீச்சர் அலமாரியைத் திறந்து உபரி டம்ளரை எடுத்துக் கொடுத்தார். "இதுதான்!" என்று குட்டி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தோல் கிழிந்துதான் இருந்தது. வியாழக்கிழமை அதே பயறை விரலில் பிடித்துத் தூக்கியவன் நான், எனக்கு அது தெரியவில்லை. தலைமையாசிரியை, "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார். "தினமும் பாத்தேன்" என்றாள், இது என்ன கேள்வி என்பதுபோல. தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்து, "இந்தப் பிள்ளையைக் கீழ அனுப்பினா அங்க இருக்கிற டீச்சர் பாவம். இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு, "சரி, மாத்தினது யாரு?" என்று கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் கையைத் தூக்கினேன். அந்த வாரத்திலேயே நான் அனுமதி கேட்டுக் கையைத் தூக்கியது அந்த ஒரு தடவைதான். அந்த வகுப்பில், அடுத்தவர் வேலையில் கைவைத்தவர் பலகையைத் துடைக்க வேண்டும் என்று ஒரு சட்டம். துடைத்தேன். மேல் மூலை சரியில்லை என்று மறுபடி துடைக்க வைத்தார்கள்.

ஆகையால் அக்கா, பிள்ளை மந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. கூச்சப்பட்ட பிள்ளை, பக்கத்தில் அப்பா இருக்கிறார் என்ற தைரியத்தில் வாய் திறந்துவிட்டாள். நான் போய் ஒரு வாரம் உட்கார்ந்தது வீண்போகவில்லை. இனி நீ யாரிடமாவது காட்ட வேண்டும் என்று சொல்லாதே. மற்றபடி அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், உன் கோபத்துக்கு என் அட்வான்ஸ் மன்னிப்பு. எல்லாரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பலகை துடைத்த உன் தம்பி

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் குட்டிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் தப்பா எழுதியிருக்க" என்கிறாள். கூச்சமாம், அது யாருக்கு என்று கேட்கிறாள். முதலில் எல்லாரையும் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம் என்று இருந்தாளாம். "திங்கக்கிழமை டீச்சர் கட்டு எத்தனைன்னு கேட்டாங்கல்ல, நான் எண்ணிட்டு வாயைத் தொறந்தேன், நீ சொல்லிட்ட. மழைக்கும் நீயே சொல்லிட்ட. இலைக்கு நீ சொன்னது தப்பு, எனக்குச் சரியாத் தெரியும், அதையும் சொல்ல விடல." "அப்ப வெள்ளிக்கிழமை மட்டும் எப்படிடா பேசின?" என்று கேட்டேன். "அது ஒண்ணுக்குத்தான், பதில் தெரிஞ்சும் நீ சும்மா இருந்த, அப்பா" என்றாள்.