பீம்ராவும் பதினேழு மெழுகுவத்திகளும்

காசிமேடு நிறுத்தத்தில் நின்றிருந்த திருவொற்றியூர் பஸ்ஸின் படியில் பீம்ராவ் ஒரு காலை வைத்துவிட்டார். இன்னொரு காலையும் தூக்கி வைத்திருந்தால் எந்த வம்பும் இல்லை. பன்னிரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல முடிந்திருக்கும்.

"தம்பி, மாதா கோயிலுக்கா போற?"

குரல் கொடுத்தது, நிறுத்தத்தின் ஓரம் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஃப்ளோரன்ஸ்.

பீம்ராவ் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். காவி நிறத்தில் புத்தம் புது டீ-ஷர்ட். காலமோ செப்டம்பர் முதல் வாரம், பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழா. வடசென்னையிலிருந்து காவி உடுத்தி நடந்தே போகிறவர்களால் சாலை நிறைந்திருந்தது. டீ-ஷர்ட்டின் பின்புறம் 'அரை மாரத்தான், 21 கி.மீ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்தான். ஆனால் அடுத்தவன் முதுகை உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரம்?

"இல்லக்கா, நான் வந்து..." என்று தொடங்கினார். மூச்சு வாங்கியதில் மீதி வெளியே வரவில்லை.

அதற்குள் அந்த அம்மாள் எழுந்து வந்து, நான்காக மடித்த ஒரு சீட்டையும் ஒரு மெழுகுவத்தியையும் அவர் கையில் திணித்துவிட்டாள். "பத்து மணிப் பூசைக்குள்ள பெட்டில சேத்துரு. ரெண்டு வாரமா எழுதி வெச்சுகினு கீறேன். நடந்து போறவங்க கைல குடுத்தாதான் பலிக்கும்" என்றாள். கடைசி வாக்கியத்தை மட்டும் பஸ்ஸுக்குள் கேட்கும்படி கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

பஸ்ஸுக்குள் கேட்டுவிட்டது. கண்டக்டர் சௌக்கத் அலி படிக்கு வந்து பீம்ராவின் தோளில் மரியாதையாகக் கை வைத்தார்.

"எறங்கு அண்ணாத்த. நடந்து வரேன்னு நேந்துகினு பஸ் ஏறுனா, அந்தப் பாவம் டிக்கெட் கிழிச்ச எனக்குத்தான் வரும்."

"நான் நேந்துக்கவே இல்லபா."

"கைல மெழுகுவத்தி வெச்சுகினு இன்னா பேச்சு இது? இன்னொண்ணு, வண்டி திருவொத்தியூர் போவுது. மாதா கோயிலு அந்தாண்ட."

விசில் ஊதிவிட்டார். பஸ் நகர்ந்தபோது ஜன்னல்கள் வழியாக நான்கு கைகள் நீண்டு, நான்கு மெழுகுவத்திகளைக் கொடுத்துவிட்டுப் போயின. "எம் மருமவளுக்கு ஒரு கொயந்த வேணும்னு சொல்லுபா" என்று ஒரு குரல் தூரத்திலிருந்தும் கேட்டது.

பீம்ராவ் எப்படிப்பட்டவர் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஒரு போல்ட்டுகூட அவர் கணக்கில் கூடாது, குறையாது. வாழ்க்கையில் அவர் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது இருபத்தொரு கிலோமீட்டர் நீளம்.

அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, ஞாயிறுதோறும் விடியற்காலை திருவொற்றியூர் வீட்டிலிருந்து தெற்கே ஓடக் கிளம்புவார். ஆறாவது கிலோமீட்டரில், அதாவது காசிமேட்டில், மூச்சு முட்டும். பஸ் ஏறி, வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, டீக்கடையில் நேரம் போக்கி, குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு, சரியாக எட்டு மணிக்கு ஓடியே வீட்டுக்குள் நுழைவார். மனைவி செங்கொடி மூன்று முட்டை உடைத்து ஊற்றுவாள். ஏழாவது படிக்கும் மகள் மகிழினி காலண்டரில் '21' என்று எழுதிச் சுற்றி வட்டம் போடுவாள். இதுவரை பதினோரு வட்டம்.

போதாக்குறைக்கு, ஹவுசிங் போர்டு குடியிருப்பின் செயலாளர் நீலமேகம் வாசலிலேயே ஒரு பேனர் கட்டிவிட்டார். 'ஒற்றியூரின் ஓட்டப் புயலே!' யாரோ ஒல்லியான வெளிநாட்டுக்காரன் உடம்பில் பீம்ராவின் தலை. அடுத்த ஞாயிறு பந்தயம். குடியிருப்பே வேன் பிடித்து, டிரம்ஸ் செட்டோடு முடிவுக் கோட்டில் வந்து நிற்கப்போகிறது. அங்கே அவர் வந்து சேராவிட்டால் மகிழினி அந்தப் பதினோரு வட்டங்களைப் பார்த்து என்ன நினைப்பாள் என்ற கவலையில் பீம்ராவுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. இன்றாவது நிஜமாக ஓடுவது என்று சபதம் எடுத்துத்தான் கிளம்பினார். காசிமேடு வந்ததும் கால் தன்னால் பஸ் படிக்குப் போய்விட்டது.

இப்போது கையில் ஐந்து மெழுகுவத்தி. குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை. ஸ்டோரில் ஒரு பொருளைக் கையெழுத்துப் போட்டு வாங்கினால், சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும்வரை அது அவர் பொறுப்பு. அடுத்த நிறுத்தத்தில் நிஜமான பாதயாத்திரைக்காரர் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்று தெற்கே நடந்தார்.

பாக்கெட்டிலிருந்த செல்போன் ஆங்கிலத்தில் "ஏழு" என்றது. கிலோமீட்டர் எண்ணுகிற ஆப். அந்தப் பெண்குரலுக்கு ஆறுக்கு மேல் எண்ணத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ராயபுரத்தில் பாதயாத்திரைக்காரர்களுக்காக மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் பொறுப்பாளர் ஹென்றி, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பீம்ராவை ஒரே இழுப்பாக உள்ளே இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஒருவர் மோர் கொடுத்தார். ஒருவர் கெண்டைக்காலில் தைலம் தேய்த்தார்.

"சார், ஒரு விசயம். நான் உங்க ஆளு இல்ல. பௌத்தன். பேரு பீம்ராவ்" என்றார் பீம்ராவ், உண்மையைச் சொல்லித் தப்பிக்கும் எண்ணத்தில்.

ஹென்றி கொஞ்சம் யோசித்தார். "அதுக்கின்னா? புத்தரும் நடந்துதான போனாரு."

பீம்ராவ் மீதி மோரைக் குடித்தார்.

ஹென்றி பந்தலைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? வேற மதம். ஆனாலும் நம்ம மாதாவத் தேடி நடந்து வராரு. அவராண்ட குடுங்க, ஒயுங்கா போய்ச் சேரும்."

ஒரு மளிகைக்கடைப் பையும், அதற்குள் இன்னும் ஒன்பது மெழுகுவத்தியும், சீட்டுகளும் சேர்ந்தன.

எல்லாவற்றுக்கும் காரணம் இந்தக் காவிச் சட்டைதான் என்று முடிவு செய்த பீம்ராவ், பந்தலைத் தாண்டியதும் அதைக் கழற்றிப் பைக்குள் சுருட்டி வைத்தார். வெற்றுத் தொப்பையோடு நூறு அடிகூடப் போயிருக்க மாட்டார். எதிர்ப்புறத்திலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள்.

"பாரு மெர்சி, மேல சட்டகூட இல்லாம வேண்டுதல். இன்னா கஷ்டமோ பாவம்."

இன்னும் மூன்று மெழுகுவத்தி. ஆகப் பதினேழு. பீம்ராவ் சத்தமில்லாமல் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பாரிமுனையில் கடைசியாக ஒரு வாய்ப்பு வந்தது. காவிச் சேலை கட்டிய பெண்கள் கூட்டம் ஒன்று செபமாலை சொல்லிக்கொண்டு போனது. முன்னால் நடந்தவர் பெர்சிஸ் என்ற அம்மாள். காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. பீம்ராவ் விந்தி விந்தி அவரைப் பிடித்துப் பையை நீட்டினார்.

"யம்மா, இத்த நீங்களே சேத்துருங்க. நான் திரும்பிப் போவணும்."

பெர்சிஸ் பையையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "உன்ன நம்பிக் குடுத்தத நான் எடுத்துகினு போனா, 'அந்த ஆளு எங்க'ன்னு மாதா என்னாண்ட கேக்க மாட்டாங்களா?" பிறகு அவர் பார்வை பீம்ராவின் விலையுயர்ந்த ஷூவில் நின்றது. "இவ்ளோ பெரிய பூட்ஸ் போட்டுகினு எங்களுக்குப் பின்னால வர்ற. வெக்கமா இல்ல?"

இருந்தது. பீம்ராவ் அவர்களைத் தாண்டிப் போனார். தாண்டிய பிறகு வேகத்தைக் குறைத்தால் அவமானம். ஆகவே மெல்ல ஓட ஆரம்பித்தார்.

கடற்கரைச் சாலை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. உழைப்பாளர் சிலை அருகே பைக்குள் எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டார். மெழுகுவத்திகள் வளையத் தொடங்கியிருந்தன. யாரோ ஒருத்தியின் மருமகளுக்குப் பிறக்க வேண்டிய குழந்தை ஏற்கெனவே கேள்விக்குறி போல வளைந்து கிடந்தது. மணி எட்டே கால். பூசை பத்துக்கு.

அதற்குப் பிறகு பீம்ராவ் மூச்சைப் பற்றி யோசிக்கவில்லை. மர நிழல் தெரிந்தால் அங்கே போய் நின்று பைக்கு விசிறினார். அடுத்த நிழல்வரை வெயிலில் ஓடினார். கலங்கரை விளக்கத்தைத் தாண்டினார். சாந்தோமில் ஒரு கடைக்காரர் கொடுத்த தண்ணீரைத் தன் தலையில் ஊற்றாமல் பையின் மேல் ஊற்றினார். வழியில் நான்கு பஸ்கள் அவரைக் கடந்து போயின. ஒன்றையும் அவர் பார்க்கவில்லை.

அடையாற்றுப் பாலத்தில் செல்போன் அடித்தது. செங்கொடி.

"இன்னாயா, மணி ஒம்போதாவுது. டான்னு எட்டுக்கு வந்துருவியே. எங்க கீற?"

"அடையாறு பாலத்தாண்ட."

"அங்க இன்னா வேலை?"

"மாதா கோயிலுக்குப் போறேன். மெழுகுவத்தி குடுக்கணும்."

"யாருது?"

"தெரியல."

"வெயில்ல ரொம்ப ஓடாத. எளநி வாங்கிக் குடி" என்று செங்கொடி ரொம்பவும் மென்மையாகச் சொல்லிவிட்டு வைத்தாள். அந்த மென்மை பீம்ராவுக்குக் கவலையாக இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு அவர் கோயில் வாசலுக்குள் ஓடி நுழைந்தபோது, பாக்கெட்டில் அந்தப் பெண்குரல் பேசியது. "இருபத்தொன்று."

பீம்ராவ் நின்றுவிட்டார். செல்போனை எடுத்துப் பார்த்தார். இருபத்தொன்று என்றுதான் இருந்தது. சுற்றிலும் ஒலிபெருக்கியும் கூட்டமும் பலூன்காரனுமாக இரைச்சல். அதற்கு நடுவில் நின்று அந்த ஆள் குழந்தையைப் போல அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் இதை இயல்பாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் இடம் விட்டார்கள். அந்த வாசலில் அழுகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது. ஒரு கண்டக்டரின் பிடிவாதம், ஒரு சட்டையின் நிறம், எல்லாம் தற்செயல். அடுத்த ஞாயிறு நீலமேகம் டிரம்ஸ் அடிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். காலண்டரில் பதினோரு பொய் இருந்தாலும், இன்று போடப்போகிற வட்டம் நிஜம். அந்தப் பதினொன்றும் பொய் என்று தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அந்த மட்டில் நிம்மதி.

வேண்டுதல் மேசையில் மெர்லின் என்ற கல்லூரிப் பெண் ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டியில போட வேணாம் அண்ணா, என்கிட்ட குடுங்க. எல்லா வேண்டுதலையும் பேரோட எழுதிக்கணும். பூசையில வாசிப்பாங்க."

பதினேழு மெழுகுவத்தியையும் எண்ணி வைத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வளைந்திருந்தது. மெர்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினாள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு வெளிநாட்டு விசா, ஒருவருக்குக் குடிகார மாப்பிள்ளை.

"அவ்ளோதானா அண்ணா?"

"ஒண்ணு கீதும்மா" என்று பாக்கெட்டில் செல்போனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சீட்டை எடுத்தார். முதல் சீட்டு. கருவாட்டுக்கார அம்மாள் கொடுத்தது. வியர்வையில் ஊறி, மீன் வாசனை வீசியது. மெர்லின் கிழியாமல் பிரித்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"'தாயே, ஞாயித்துக்கெழம தவறாம என் கூடையாண்ட நின்னு மூச்சு வாங்கிட்டு, திருவொத்தியூர் பஸ் ஏறித் திரும்பிப் போற அந்தத் தொப்பக்காரத் தம்பி, இந்த ஒரு தபாவாச்சும் பஸ்ஸ வுட்டுட்டு உன் வாசல் வரைக்கும் ஓடி வரணும்.' இதுல பேரே இல்லையேண்ணா, யாருன்னு எழுதிக்கட்டும்?"