கண்ணை மூடி எடுத்த அளவு

“...அதாம்ட்டி கேக்கேன், பத்தாவதே படிக்காதவளுக்குப் பத்தாவது வகுப்பு விழாவுல என்ன சோலி?” என்றாள் இசக்கி, போனில்.

தெற்கேயிருந்து குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்து, ஆறாவதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஒன்பதாவது முழுப்பரீட்சை லீவில், டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடம் திறந்தது, அவள் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்துப் பழைய வகுப்பு ஒன்றுகூடுகிறது, அவள் இல்லாமல் எனக்கென்ன விழா? “நீ வராட்டி நானும் போகலை புள்ள” என்று மிரட்டித்தான் சம்மதிக்க வைத்தேன்.

மிரட்டியதோடு நின்றிருக்கலாம். நான் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். எங்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு: காதுகுத்து என்றால்கூட உடனே டி-ஷர்ட் அடிக்கக் கை பரபரக்கும். முதுகில் அவரவர் பேர், கீழே ‘பத்தாம் வகுப்பு பி’. யாரிடமும் சொல்லாமல் கொடுத்து அசத்த வேண்டும். அளவு கேட்டால் குட்டு உடைந்துவிடுமே? கண்ணை மூடிக்கொண்டேன். காலை பிரேயருக்கு எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். சாந்தியா, ஊதினால் பறப்பாள், ஸ்மால். ரெஜினா கொஞ்சம் பூசினாற்போல, மீடியம். (இருபது வருஷமாக அளவு நாடாவோடு குடித்தனம் நடத்துகிறவள் செய்கிற வேலையா இது?)

தைத்து வந்ததும் என் வீட்டுக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “ஏம்புள்ள, இது யாரு ஊட்டுக் கொழந்தைங்களுக்கு?”

“உங்களுக்கென்னங்க தெரியும்?” என்றேன். (தெரிந்திருந்தது.)

விழாவன்று பள்ளிக்கூடத்துக்குள் பட்டுச்சேலைகள் வந்து இறங்கின. பிரேயர் வரிசையில் நின்றவர்கள் ஒருத்தியையும் காணோம்! ஊதினால் பறந்த சாந்தி பெஞ்சின் அந்த முனையில் உட்கார, இந்த முனையில் நான் மேலே போனேன். ஆளுக்கொரு சட்டையை வாங்கி, தலையை விட்டுப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள். எனக்கும் நான் ஸ்மால்தான் தைத்திருந்தேன். தலை நுழைந்தது, ஒரு கை நுழைந்தது, அத்தோடு பூட்டிக்கொண்டது. இரண்டு பேர் பிடித்து உருவினார்கள்.

“ஏனுங் ஓனரம்மா, உங்களுக்கே பத்தலீங்களே!” சாந்திக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. தன் சட்டையின் முதுகில் இருந்த எழுத்தைப் படித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து அழகாக மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

“நான் கெளம்புதேன்ட்டி. இது ஒங்க வகுப்பு.”

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஆசையாகக் கூப்பிட்டு, முதுகில் எழுதி அவமானப்படுத்தி விட்டேனா?

“அட, இருடி!” என்று சாந்தி அந்தச் சட்டையை உதறி, அவள் தலைவழியே மாட்டிவிட்டாள். சேலைக்கு மேலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. தோள் சரி, கை சரி, இடுப்பு சரி. நான் தைத்ததில் செக்கிங்கில் தேறிய ஒரே பீஸ்.

ரெஜினா விசிலடித்தாள். போட்டோக்காரர், “யூனிபாரம் போட்ட அக்கா நடுவுல வாங்க” என்றார். இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினோம்.

இன்றைக்கும் நான் யாருக்காவது துணி எடுத்தால், வீட்டில், “கண்ணத் தொறந்துதான அளவு பாத்தே?” என்கிறார்கள். சிரிக்கட்டும். கூடத்தில் அந்தப் போட்டோ மாட்டியிருக்கிறது.

“சிரிங்க” என்று போட்டோக்காரர் சொன்ன நொடியில், “செத்த இருங்கண்ணே” என்றாள் இசக்கி. சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.