இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் மோசடி செய்திருக்கிறேன். அதுவும் ஒரு கல்லூரியைக் காப்பாற்றுவதற்காக. அகப்பட்டுக்கொண்டது என் வாயால்தான்.

யுத்தத்துக்கு முன்பு, நாமக்கல் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் நான் குமாஸ்தா. வயது இருபத்து மூன்று. (பல்கலைக்கழகத்தையே கட்டி மேய்க்கும் மூளை எனக்கு இருப்பதாக அப்போது ஒரு நம்பிக்கை.) கல்லூரிக்கு ஜேடர்பாளையத்தில் வாய்க்கால் பாயும் வயல் தானமாக வந்திருந்தது. அதன் குத்தகைப் பணத்தில்தான் ஆசிரியர்களுக்குச் சம்பளம். நிர்வாகக் குழுத் தலைவர் நாச்சிமுத்துக் கவுண்டருக்கோ அதை விற்று, தன் தகப்பனார் பெயரில் தூண் வைத்த மண்டபம் கட்ட ஆசை.

"வயலு போச்சுன்னா சம்பளத்துக்கு என்னங்க பண்றது? ரெண்டே வருசத்துல காலேஜ இழுத்து மூடோணுமுங்க" என்றேன்.

"மண்டபத்தப் பாத்தா பையனுங்க தன்னால வருவானுங்க சாமி" என்றார்.

குழு இரண்டாகப் பிரிந்தது. எங்கள் பக்கத்தில் இப்படி இழுபறி வந்தால் அம்மனிடம் பூவாக்குக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் கட்டும் வேலை குமாஸ்தா தலையில் விழுந்தது. நான் இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டினேன்.

நல்ல உச்சிப்பொழுது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. காற்றே இல்லை, ஆனால் அம்மன் கோயில் மணிச் சங்கிலி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பொட்டலங்களை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. பூசாரி ஒன்றை எடுத்தார். நான் போட்ட அதே முடிச்சு. பிரித்தார்.

உள்ளே வெள்ளை அரளி. அப்போதுதான் பறித்ததுபோல் ஈரமாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நானோ, "ஐயோ, ரெண்டுலயும் செவப்புத்தானுங்களே வெச்சேன்!" என்று அலறிவிட்டேன்.

கவுண்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மற்றப் பொட்டலத்தைத் தானே பிரித்தார். அதில் சிவப்பு. ஒழுங்காகக் கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அப்படியே இருந்தது. நான் எட்டிப் பார்க்கப் போய் அவர் மேலேயே சாய்ந்தேன். (அவருடைய புது அங்கவஸ்திரமெல்லாம் என் நெற்றிக் குங்குமம்.)

"வெள்ளதான் வந்துருச்சுங்களே, வித்துப்போடலாமுங்க" என்றார் ஓர் உறுப்பினர்.

"எங்கய்யா விக்கறது?" கவுண்டர் பொட்டலத்தை அம்மன் காலடியில் வைத்தார். "ஆத்தா பாத்துக்கிட்டே நிக்கறா. பொதுச் சொத்த எங்கப்பன் பேருக்கு விக்க எனக்குத் தகிரியமில்ல."

அன்று மாலையே குழு கூடியது. வயலை எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது, குத்தகைப் பணம் சம்பளத்துக்கே என்று தீர்மானம். எழுதியது நான். குமாஸ்தாவை வேலையை விட்டு நீக்குவது என்று அடுத்த தீர்மானம். அதையும் நானேதான் எழுதினேன்.

கல்லூரி இன்றும் அந்தக் குத்தகையில்தான் நடக்கிறது. நான் கடையிலிருந்து உப்பு, புளி எது வாங்கி வந்தாலும் என் மனைவி, "ஏனுங்க, பிரிச்சுப் பாருங்க, போட்டதுதான் உள்ள இருக்குதுங்களா?" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் பொட்டலத்தை மட்டும் நான் பிரிப்பதில்லை.