கிறவல் அண்ணை பிரான்ஸைக் கடந்த விதம்

நல்ல தார் றோட்டைக் கண்டால் முகம் சுளிக்கிற ஒரே தமிழன் இந்த உலகத்தில் கிறவல் அண்ணைதான். நாங்கள் எல்லோரும் கல்லும் புழுதியுமான கிறவல் றோட்டிலிருந்து தப்பித்தான் கனடாவுக்கு வந்தோம். அவர் இங்கே வந்து அதைத் தேடினார்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. வேலை அட்டையில் பார்த்திருக்கிறேன். மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் எங்கள் இருவருக்கும் வேலை. அவர் கொன்ரெயினரைத் திறந்து பெட்டி எண்ணுவார். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவேன். நான் அதிகம் கதைக்க மாட்டேன். அதனால்தான் என்னைப் பிடித்தார். குறுக்கே பேசாத காது ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்குச் சைக்கிள் விசர் வந்தது. அந்த வயதில் எங்கள் ஆட்களுக்குக் கோயில் நிர்வாக சபையில் சேரும் ஆசை வரும். அதைவிட இது பரவாயில்லை என்று அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முதலில் நினைத்திருக்கிறார். பாவம்.

வாங்கி வந்த சைக்கிளுக்குத் தடித்த டயர், ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரிக் கைபிடி. கிறவல் சைக்கிள் என்று கடைக்காரன் சொன்னானாம்.

"எங்கடை ஊரிலை எல்லாச் சைக்கிளும் கிறவல் சைக்கிள்தானே அண்ணை" என்றேன். அந்தக் கிழமை நான் பேசிய மிக நீளமான வசனம் அது.

"அது வழியில்லாமல் ஓடினது தம்பி. இது விரும்பி ஓடுறது."

விரும்பி ஓடியவர் கல்லைப் படிக்கத் தொடங்கினார். பொடிக் கல்லென்றால் ரவை. கொஞ்சம் பெரிது பயறு. அதைவிடப் பெரிது கடலை. அதற்கு மேல் போனால் தேங்காய், இறங்கித் தள்ள வேண்டும். ஊறுகாய்ப் போத்தல்களில் மாதிரி எடுத்து வைத்தார். ஒருநாள் அக்கா மிளகு என்று நினைத்து ஒரு போத்தலைத் திறந்துவிட்டார். அன்றைய ரசத்தைப் பற்றி அந்த வீட்டில் இன்றுவரை யாரும் கதைப்பதில்லை.

அவருடைய திட்டம் இதுதான். பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து பாரிஸ் வரைக்கும் சைக்கிள். பெரிய றோட்டுக் கூடாது. வாய்க்கால் கரை, காட்டுப் பாதை, திராட்சைத் தோட்டத்து வழி. எல்லாம் கிறவல். ஒரு மீற்றர்கூட வாகனத்தில் ஏறக்கூடாது. அவருடைய முழங்காலைப் பார்த்த டொக்டர், அடுத்த வருடம் பனிக் காலத்தில் ஒப்பரேசன், அதற்குப் பிறகு சைக்கிளைப் பற்றி வாக்குத் தர முடியாது என்று சொல்லியிருந்தார். ஆகவே அதற்கு முந்தின கோடை ஒன்றுதான் கையில் இருந்தது.

"ஏன் பிரான்ஸ் அண்ணை? கியூபெக்கிலை கல்லில்லையோ?"

"பிறகு சொல்லுறன்."

துணைக்கு நான். எனக்கும் ஒரு பழைய சைக்கிள் தேடித் தந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்திலிருந்து புறப்பட்டு இல்-பிசார் தீவுக்குப் போவோம். போக வர நாலு மணித்தியாலம் போதும். எங்களுக்கு ஏழு மணித்தியாலம் எடுக்கும். ஏனென்றால் பெயர்ப் பலகை ஒன்றைக் கண்டால் அண்ணை பிரேக் பிடிப்பார். இறங்குவார். சத்தமாக வாசிப்பார். ஏறுவார். தெருவின் பெயர், பூங்காவின் பெயர், நாய் கொண்டுவரக்கூடாது என்ற அறிவித்தல், எதையும் விட மாட்டார்.

நான் வாசித்தால் திருத்துவார். இலவசப் பிரெஞ்சு வகுப்பை முழுதாக முடித்தவர் அவர். நான் மூன்றாம் கிழமையே நின்றவன். தெப்பனர் என்கிற மூலைக் கடைக்கு வரும் இங்கேயே பிறந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரையும் ஒருநாள் திருத்தினார். கிழவர் பால் வாங்காமலே போய்விட்டார்.

இல்-பிசாரில் தெருவில் ஆளைக் காண்பதே அரிது. அங்கே இரண்டு பேர் பலகை பலகையாக வாசித்துக்கொண்டு நின்றால் யாருக்கும் யோசனை வரும். ஒரு மனுசி நாயோடு வந்து, வீடு வாங்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அண்ணை அவளுக்குக் கடலைக்கும் பயறுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். முதலில் நாய் படுத்தது. பிறகு அவள் மதிலில் குந்தினாள்.

கோடையில் அங்கிருந்து லாவாலுக்கு ஒரு சின்னப் படகு ஓடும். ஐந்து நிமிடப் பயணம்.

"படகும் வாகனம்தானே அண்ணை?" தெரியாமல் கேட்டுவிட்டேன்.

அடுத்த கணம் படகின் பின் நுனிக்குப் போனார். அங்கிருந்து முன் நுனிவரை சைக்கிளை உருட்டிக்கொண்டு மெல்ல நடந்தார். இரண்டு கார்களுக்குள்ளே இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள்.

"இப்ப நான் என்ரை காலிலைதான் ஆத்தைக் கடந்தனான். வடிவாப் பாத்தியோ?"

பார்த்தேன்.

பனிக் காலத்தில் சைக்கிளை வரவேற்பறையில் ஒரு இரும்புத் தாங்கியில் பூட்டினார். எதிரே தொலைக்காட்சியில் பிரான்ஸின் பாதைகள் ஓடும். அண்ணை மிதிப்பார். படத்தில் பலகை வந்தாலும் பிரேக் பிடிப்பார். அக்கா பின்னால் நின்று சைக்கிளில் துவாயைக் காயப்போடுவார்.

"இஞ்சேரப்பா, பாரிஸ் வந்தால் சொல்லுங்கோ. சோறு வடிக்கவேணும்."

அப்படிப்பட்ட அக்கா விட்ட பிழை ஒன்றே ஒன்றுதான். நான்சி நகரத்தில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட தங்கைக்கு விசயத்தை ஃபோனில் சொல்லிவிட்டார்.

அன்றோடு அண்ணையின் பாதை அண்ணையின் கையைவிட்டுப் போனது. பிரான்ஸில் இத்தனை சொந்தம் இருப்பது அதுவரை அவருக்கே தெரியாது. எங்கள் ஆட்களின் சட்டம் உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரனின் ஊரைத் தாண்டும்போது அவன் வீட்டில் சாப்பிடாமல் போனால் அது கொலைக்குச் சமம். வாய்க்கால் கரையோடு நேரே போன கோடு, இவர் வீட்டில் புட்டு, அவர் வீட்டில் நண்டு என்று வளைந்து வளைந்து, முடிவில் பாம்பு விழுங்கிய பாம்பு மாதிரிக் கிடந்தது. ஐந்நூறு கிலோமீற்றர் எண்ணூறு ஆனது.

"பரவாயில்லை. எண்ணூறையும் ஓடுவம்" என்றார் அண்ணை.

கோடை வந்ததும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இறங்கி, அண்ணையின் சித்தப்பா மகன் தேவன் வீட்டில் தங்கினோம். விடிய இடியப்பம், சொதி. பிறகு வாய்க்கால் கரை. தண்ணீர் பக்கத்தில், மர நிழல் மேலே, காலுக்குக் கீழே ஒரே அளவான கல்.

"கடலை!" என்று கத்தினார் அண்ணை. "தம்பி, சுத்தக் கடலை!"

பதினெட்டாவது கிலோமீற்றரில் பின்னால் ஹோர்ன் சத்தம். தேவன். பலசரக்குக் கடைக்குச் சாமான் ஏற்றும் வெள்ளை வேன்.

"அண்ணை, நீங்கள் பகிடிக்குச் சொல்லுறியள் எண்டு நினைச்சன். உண்மையாச் சைக்கிளிலையோ போறியள்? தேவன் வீட்டுக்கு வந்த ஆளைத் தேவன் றோட்டிலை விட்டிட்டான் எண்டெல்லே சனம் கதைக்கும்! ஏறுங்கோ!"

"இல்லையடா தேவன், நாங்கள்..."

"நான்சியிலை அவள் நண்டு காய்ச்சிப்போட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். ஆறுது அண்ணை!"

கிடங்கு மனேஜரோடு நேருக்கு நேர் நின்று சண்டை பிடிக்கிறவர் கிறவல் அண்ணை. ஆறுகிற நண்டு என்றதும் சைக்கிளைத் தூக்கி வேனுக்குள் வைத்தார். முன்சீற்றில் தேவனும் அவன் மனைவியும். பின்னால் வெங்காய மூட்டையும் நாங்களும். பின்பக்கத்துக்கு ஜன்னல் கிடையாது.

நான்சியில் அக்காவின் தங்கை. அவள் புருசன் ராசன். நண்டு நல்ல நண்டு. மறுநாள் விடிய நாங்கள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்க, ராசன் தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அதே வெள்ளை. அதே வெங்காயம்.

"தேவன் வேனிலை கொண்டந்து விட்டவன். நான் மட்டும் சைக்கிளிலை அனுப்பினால் இவள் என்னை வீட்டிலை வைச்சிருப்பாளோ?"

அடுத்தது யாரோ ஒரு பெரியம்மா வீடு. கோழி.

கதவு சாத்தினதும் இருட்டு. கதவு இடுக்கால் ஒரு வெளிச்சக் கோடு மட்டும். வழக்கமாக வாய் மூடாதவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தபடி இருந்தார்.

"முழங்காலோ அண்ணை?"

"இல்லை. நான் இதாலை முந்தி ஒருக்கா வந்தனான் தம்பி."

"எப்ப?"

"கனடாவுக்கு வரேக்கை. லொறியிலை. தக்காளிப் பெட்டிக்குப் பின்னாலை ஆறு பேர். ஸ்ட்ராஸ்பூர்க்கிலை ஏத்தினவங்கள், பாரிஸிலை இறக்கினவங்கள். நடுவிலை ஒரு நாடு இருந்தது. நான் காணேல்லை. லொறி நிண்டால் ஏதோ ஊர் எண்டு தெரியும். என்ன ஊர் எண்டு தெரியாது. ஆரைக் கேக்கிறது?"

வேன் ஒரு வளைவில் திரும்பியது. மூட்டைகள் எங்கள்மேல் சாய்ந்தன.

"இப்பவும் பார்" என்றார். "அப்ப தக்காளி. இப்ப வெங்காயம்."

சிரித்தார். இரண்டு வருடமாக நான் பலகை பலகையாக ஏன் நின்றேன் என்பது அந்த வெங்காயத்துக்கு நடுவில்தான் எனக்கு விளங்கியது.

நான் எழுந்து முன்தகட்டில் குத்தினேன். "வாந்தி வருது!"

வேன் நின்றது. ராசன் ஓடி வந்து கதவைத் திறந்தான். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"என்ன தம்பி, நண்டு ஒத்துவரேல்லையோ? ஐயோ, அவளுக்குச் சொல்லிப்போடாதை!"

"காத்துப் படவேணும்" என்று சொல்லி என் சைக்கிளை இறக்கினேன். அண்ணையின் சைக்கிளையும் இறக்கினேன். ராசனுக்கு ஏதோ உறைப்பதற்குள் கோதுமை வயலுக்குள் போகும் ஒரு பாதையில் இறங்கிவிட்டோம். வாகனம் நுழையாமல் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கட்டை நட்டிருந்தது. பிரான்ஸ்காரருக்கு எங்கள் சொந்தக்காரரைப் பற்றி முன்பே தெரியும் போல.

"அண்ணை! பெரியம்மா கோழி ஊறப்போட்டிருக்கிறா!" ராசனின் குரல் வெகுதூரம் வந்தது.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அண்ணை நின்றார். மேற்கே பாரிஸ். அவர் கிழக்கே திருப்பினார்.

"எங்கை அண்ணை?"

"தேவன் ஏத்தின இடத்துக்கு. அதிலையிருந்து திரும்பத் துவங்கவேணும்."

வந்த தூரத்தைத் திரும்ப மிதிப்பது. பிறகு அதே தூரத்தை இன்னொருமுறை மிதிப்பது. அவருடைய முழங்காலைப் பார்த்தேன். என்னுடையதையும் பார்த்தேன்.

"சரி" என்றேன்.

பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்று இன்றும் கேட்கிறார்கள். சேர்ந்தோம், லீவு முடிந்து நாலு நாள் கழித்து. கிடங்கில் கிடைத்த பேச்சு வேறு கதை. நான்சியைப் போகும்போதும் வரும்போதும் காட்டுக்குள்ளால் கள்ளர் மாதிரிச் சுற்றிக் கடந்தோம். அக்காவின் தங்கை அக்காவோடு இன்னும் கதைப்பதில்லை. பிரான்ஸ் முழுவதும் எங்கள் ஆட்களிடையே நான் நண்டு ஒத்துவராதவன். அந்தப் பனிக் காலத்தில் அண்ணைக்கு ஒப்பரேசன் நடந்தது. இப்போது டொரொன்டோவில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே எங்கு பார்த்தாலும் தார் றோட்டாம். ஃபோனில் அழாத குறை.

எனக்கு ஞாபகம் நிற்பது வேனிலிருந்து தப்பிய அந்தப் பின்னேரம்தான். கோதுமை வயல் முடிய ஒரு சின்ன ஊர். வெள்ளைப் பலகை, சிவப்புக் கரை. அண்ணை இறங்கி, ஊரின் பெயரைச் சத்தமாக வாசித்தார். ஏறினார். அடுத்த ஊர். இறங்கினார், வாசித்தார். மூன்றாவது ஊரில் இறங்கினவர் பலகைக்கு முன்னால் வாசிக்காமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்ணாடியிலை தூசி தம்பி" என்றார். "கிறவல் றோட்டெல்லே."

நான் இறங்கி, எழுத்து எழுத்தாகக் கூட்டி அந்த ஊரின் பெயரைச் சத்தமாக வாசித்தேன். பிழையாகத்தான் வாசித்திருப்பேன்.

அவர் திருத்தவில்லை.